தொப்பியும் நாயும் சொல்லும் சாட்சி

டச்சு நகரக் காவல்படை என்றதும் 1642இல் ரெம்பிராண்ட் தீட்டிய ‘இரவுக் காவல்’தான் நினைவுக்கு வரும். கூடவே ஒரு தீர்ப்பும் வந்துவிடும்: அந்தப் படையின் மவுசு பதினேழாம் நூற்றாண்டோடு முடிந்தது, அடுத்த நூற்றாண்டின் அச்சுப்படங்களில் இருப்பது வெறும் பழம்பெருமை. இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று.

முதலாவது, ‘இரவுக் காவல்’ போன்ற காவல்படைக் குழு ஓவியங்கள் நின்றுபோயின என்பது. நின்றது உண்மைதான். ஆனால் அந்த ஓவியங்கள் படத்தில் இருப்பவர்களே காசு போட்டு, தங்கள் மண்டபச் சுவரில் மாட்டிக்கொண்டவை. செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட படமோ கடையில் யாரும் வாங்கக் கூடியது. 1748இல் வரிக் குத்தகைதாரர்களின் வீடுகள் சூறையாடப்பட்டதை சிமோன் ஃபோக்கே அப்படித்தான் செதுக்கினார். அதே ஆண்டு ஆம்ஸ்டர்டாம் குடிகள் காவல்படை மண்டபத்தில் கூடி, படைக்குத் தன்னுரிமை வேண்டும் என்றார்கள். ‘டூலிஸ்டன்’ என்ற அவர்களின் பெயரே அந்த மண்டபத்திலிருந்து வந்தது.

இரண்டாவது, அந்த அச்சுப்படங்களில் ஈட்டி முனையில் மாட்டியிருக்கும் விடுதலைத் தொப்பி பிரெஞ்சுப் புரட்சியின் இரவல் என்பது. 1789க்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, 1681இல் தொடங்கிய குல்டன் நாணயத்தைப் பாருங்கள். நாட்டின் உருவகமான நெதர்லாந்துக் கன்னி ஒரு கையில் ஈட்டி பிடித்திருக்கிறாள். அதன் நுனியில் தொப்பி. மற்றொரு முழங்கை வேதாகமத்தின் மேல் சாய்ந்திருக்கிறது. தொப்பிக்கு அகன்ற விளிம்பு உண்டு. பாரிஸ்காரர்களின் தொப்பிக்கு விளிம்பே கிடையாது. உச்சி மட்டும் முன்னால் மடிந்திருக்கும்.

மூன்றாவது, இந்த அச்சுப்படங்கள் வெறும் புகழ்ச்சிப் படங்கள் என்பது. ஆனால் அவற்றுக்குப் பின்னால் ஓர் அரசியல் சண்டை இருந்தது.

1781இல் டச்சு அரசியல்வாதி வான் டெர் கப்பெலன், பெயர் போடாத துண்டுநூல் ஒன்றில், குடிகள் ஆயுதமேந்த வேண்டும் என்று எழுதினார். ஊர் ஊராகப் பயிற்சிப் படைகள் முளைத்தன. அவரது ‘தேசபக்தர்’ கட்சியை ஆரஞ்சு இளவரசரின் ஆட்கள் படங்களில் ‘கேஸ்’ எனும் சடை நாய்களாக்கிக் கேலி செய்தார்கள். தேசபக்தர்களோ அதே நாயைத் தங்கள் சின்னமாக்கிக்கொண்டார்கள். துப்பாக்கி யார் கையில் இருக்க வேண்டும் என்ற சண்டைதான் அந்தப் படங்களில் ஓடியது. 1787 செப்டம்பரில் இளவரசருக்குத் துணையாகப் பிரஷ்யப் படை வந்து குடிகளின் ஆயுதங்களைக் களையவைத்ததும் அதே சண்டையின் முடிவாகத்தான்.

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் தன் அச்சுப்படங்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. தொப்பியின் விளிம்பையும் நாயையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அந்தப் பழைய தீர்ப்பை நீங்களே ஒருமுறை விசாரியுங்கள்.