துப்பாக்கிக் கடைக்குப் பூட்டு எங்கே?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் துப்பாக்கி விற்பவர் இரவில் கடையைச் சாத்தும்போது, தம் சரக்கை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டியே தீரவேண்டும் என்று மத்திய சட்டம் எதுவும் விதிக்கவில்லை. சுவரில் சார்த்திய துப்பாக்கிகளைச் சார்த்தியபடியே விட்டு, விளக்கை அணைத்துவிட்டு அவர் வீடு செல்லலாம். 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அவருக்கு லைசென்ஸ் வேண்டும் என்கிறது. வாங்குவோர் பெயரையும் துப்பாக்கியின் எண்ணையும் பதியவேண்டும் என்கிறது. கதவைப் பற்றியும் பூட்டைப் பற்றியும் மௌனம் சாதிக்கிறது.

சட்டம் மௌனம் சாதித்தாலும் திருடர் சும்மா இருக்கவில்லை. வேறிடத்தில் களவாடிய மோட்டார் வண்டியைக் கடையின் முகப்பில் மோதி உடைத்து, சுத்தியலால் கண்ணாடிப் பெட்டிகளை நொறுக்கி, கைத்துப்பாக்கிகளைப் பைகளில் அள்ளிக்கொண்டு, போலீஸார் வந்து சேருமுன் மறைந்துவிடுகிறார்கள். சில நிமிஷங்களில் முடிந்துவிடும் காரியம் இது. 2012-க்கும் 2016-க்கும் இடையில் இத்தகைய கன்னக்களவுகள் 48 சதவீதம் பெருகின என்று துப்பாக்கி, வெடிமருந்து முதலியவற்றைக் கண்காணிக்கும் மத்திய இலாகாவே கணக்குக் கூறிற்று. 2016-இல் மட்டும் 558 கடைகளில் களவு. பறிபோனவை 7,000-க்கும் மேல். முறைப்படி கடையில் வாங்கத் தகுதியற்றவன் கைக்குத்தான் இவை எளிதாகப் போய்ச் சேருகின்றன. பின்னர் ஒரு கொலை நடந்த இடத்தில் அத்துப்பாக்கி அகப்பட்டால், எண்ணைக்கொண்டு துப்புத் துலக்குவோர் கடைவாசல் வரையில்தான் செல்ல முடிகிறது, அதற்கப்பால் இருட்டு.

இதில் ஒரு விந்தையும் உண்டு. அதே இலாகாதான் வெடிமருந்துக் கிடங்குகளையும் கண்காணிக்கிறது. நிரந்தரக் கிடங்கின் கதவில் கால் அங்குல எஃகுத் தகடு வேண்டும், அதன் உட்புறம் கடினமான மரம் வேண்டும், இத்தனை பூட்டு வேண்டும் என்றெல்லாம் அங்கே விதிகள் நுணுக்கமாக உள்ளன. வெடிமருந்துக்கு வேண்டிய பூட்டு துப்பாக்கிக்கு வேண்டாமா?

கடைக்காரரும் களவு கொடுத்தவர்தாமே, அவர்மீது பாரம் சுமத்துவானேன் என்று ஆட்சேபிக்கிறார்கள். அவர் நஷ்டமடைந்தவர் என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நகை திருட்டுப் போனால் நஷ்டம் கடைக்காரரோடு நிற்கிறது. துப்பாக்கி திருட்டுப் போனால் அது முன்பின் அறியாத ஒருவன் வீட்டு வாசலில் போய் விடிகிறது. வாசலில் சிமெண்டுத் தூண் நட்டு, இரும்புக் கம்பிக் கதவு போட்டு, இரவில் சரக்கைப் பூட்டிவைக்கும் யோக்கியமான வியாபாரிகள் பலர் உண்டு. துப்பாக்கித் தொழில் சங்கமும் மத்திய இலாகாவும் சேர்ந்து 2018 முதல் இவ்வித யோசனைகளைப் பரப்பியும் வந்தன. எனினும் யோசனை யோசனைதான். ஒரு கடை பலப்பட்டால் திருடன் அடுத்த தெருவிலுள்ள பலமற்ற கடையைத் தேடுகிறான். எல்லாரையும் கட்டுப்படுத்தும் விதி ஒன்றே அவனுக்கு இடம் கொடாது.

தண்டனையைக் கடுமையாக்கினால் போதும் என்போர் காங்கிரஸ் சபையில் மசோதாவும் கொண்டுவந்தார்கள். லைசென்ஸ் பெற்ற கடையில் களவாடினால் 10 ஆண்டு வரை சிறை என்று ஏற்கெனவே சட்டம் இருக்கிறது. பிடிபட்டவனைச் சிறையிலிட்டாலும், அவன் முன்னரே விற்றுவிட்ட துப்பாக்கிகள் திரும்பி வருவதில்லை.

உடைத்துத் திருடுவது ஒருபுறமிருக்க, ஓசையின்றிக் குறைவது அதனினும் கொடிது. 2002 அக்டோபரில் வாஷிங்டன் நகரையும் சுற்றுப்புறத்தையும் மூன்று வாரம் நடுங்கவைத்து, 10 பேரைப் பலிகொண்ட துப்பாக்கி, டகோமா நகரிலுள்ள புல்ஸ்ஐ என்னும் கடையிலிருந்து போனது. அதை விற்றதாகக் கணக்கே இல்லை. குற்றவாளிகளில் ஒருவனான 17 வயதுச் சிறுவன், தானே கடையிலிருந்து அதைத் தூக்கி வந்ததாகக் கூறினான். ஆராய்ந்தபோது, மூன்று ஆண்டுகளில் 238 துப்பாக்கிகளுக்கு அக்கடையில் கணக்கில்லை என்பது வெளிவந்தது! இறந்தோர் குடும்பத்தாருக்கும் காயமுற்றோருக்கும் கடையும் உற்பத்திக் கம்பெனியும் சேர்ந்து சுமார் 25 லட்சம் டாலர் கொடுக்க 2004-இல் இசைந்தன.

துப்பாக்கி காணாமற் போனால், கண்டறிந்த 48 மணி நேரத்திற்குள் தெரிவிக்கவேண்டும் என்பது சட்டம். ‘கண்டறிந்த’ என்ற சொல்லில்தான் ஓட்டை இருக்கிறது. எண்ணிப் பாராதவன் எவ்வாறு கண்டறிவான்? ஆண்டுக்கொரு முறையேனும் சரக்கை எண்ணுமாறு கடைக்காரருக்கு இலாகா உத்தரவிடாதபடி, 2004-இல் பட்ஜெட் மசோதாவோடு ஒரு ஷரத்தையும் ஒட்டவைத்தார்கள். பலசரக்குக் கடைக்காரர்கூட ஆண்டு முடிவில் இருப்பைக் கணக்கெடுப்பது வழக்கம் அல்லவா?

செலவைச் சொல்லிச் சிறு வியாபாரிகள் அஞ்சுவதில் நியாயமுண்டு. ஆனால் காலிபோர்னியாவின் சட்டத்தைப் பாருங்கள்: இரும்பு அறை கட்ட இயலாதவர், துப்பாக்கிகளின் விசைக்காப்பு வளையங்களூடே உறுதியான எஃகுக் கம்பியைச் செலுத்தி, பெயர்க்க முடியாதபடி பூட்டினாலும் போதும் என்கிறது. இதற்குச் சொத்தை விற்கவேண்டியதில்லை. இல்லினாய்ஸ் ராஜ்யமும் 2019-இல் கடைகளின் காவலுக்குச் சட்டம் செய்தது. ஆயினும் திருடிய துப்பாக்கிக்கு ராஜ்ய எல்லை கிடையாது. பக்கத்து ராஜ்யத்தில் பூட்டில்லாத கடை இருக்கும் வரையில் சிக்காகோ நகரத்தார் நிம்மதியாக உறங்க முடியாது. ஆகையால் வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் சபை, இரவில் பூட்டிவைப்பதை லைசென்ஸின் நிபந்தனையாக்குவதோடு, அந்த 2004-ஆம் ஆண்டு ஷரத்தையும் எடுத்தெறிய வேண்டும். ஏழைக் கடைக்காரருக்குப் பூட்டு வாங்க உதவிப்பணம் தேவையென்றால் அதையும் சர்க்காரே கொடுக்கட்டும்.