வேலைக்குப் போனா சர்ட்டிபிகேட் போயிடுமா?

1/ "சார், கடையில வேலை பார்க்கிறது தெரிஞ்சா மாற்றுத்திறனாளி சர்ட்டிபிகேட்டை கேன்சல் பண்ணிடுவாங்களா?" மங்கலம்பேட்டைப் பக்கத்து அண்ணன் ஒருத்தர், போலியோ பாதிச்சவர், மெதுவா கேட்டார். பண்ண மாட்டாங்க. நாங்க அளக்கிறது காலை, சம்பளத்தை இல்ல.

2/ 40% பாதிப்பு இருந்தாலே வருமான வரியில (பழைய முறை) 75,000 ரூபாய் கழிவு உண்டு. 80%-ம் அதுக்கு மேலயும்னா 1,25,000. சம்பாதிக்காதவருக்கு எதுக்குங்க வரிக்கழிவு? நீங்க வேலைக்குப் போவீங்கன்னு நம்பித்தான் சட்டமே இருக்கு.

3/ மாத உதவித்தொகைக்கு விதி தனி. தாலுகா ஆபீஸ்ல கேளுங்க, வேலையை மறைக்காதீங்க. 2016 சட்டத்தோட 91-வது பிரிவுப்படி மோசடிக்கு 2 வருஷம் வரை ஜெயில் உண்டு.

4/ என் கருத்து: சம்பளம் வந்ததும் காலிப்பர் செலவும் ஆட்டோ செலவும் நின்னுடாது. உழைக்கிறவரைப் பொய் சொல்ல வைக்கிற நிபந்தனை எங்க இருந்தாலும் அதை மாத்தணும்.