பாசிமணிக்கு உரிமைக்காரர் யார்?

கண்ணாடிப் பாசிமணி ஐரோப்பியர் கொண்டுவந்த பொருள். ஆகவே அபெனாக்கி மக்களின் மணிவேலைப்பாட்டைத் தூய மரபென்று கொள்ளலாகாது என்றொரு வாதம் உண்டு. கலைப்பொருள் சேகரிப்போர் சிலருக்கு இது வேதவாக்கு. மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கேயரின் கப்பலில் வந்ததுதான். அதற்காக யாழ்ப்பாணத்துக் கறியை எவரேனும் போர்த்துக்கேயக் கறி என்பாரா? தமக்கொரு நீதி, பூர்வகுடிகளுக்கு வேறொரு நீதி என்பதல்லாமல் இது வேறென்ன?

விடியலின் நிலத்தவர் என்று பொருள்படும் பெயரைத் தாங்கிய இம்மக்களின் தாயகம், இன்றைய அமெரிக்காவின் வட கிழக்கு மாநிலங்களிலிருந்து கனடாவின் கியூபெக் வரை பரந்து கிடந்தது. கண்ணாடி மணி வருவதற்கு முன்னரே முள்ளம்பன்றியின் முள்ளுக்கும் மூஸ் மானின் மயிருக்கும் சாயமேற்றித் தோலை அழகுபடுத்தக் கற்றிருந்தவர்கள் அவர்கள். பண்டமாற்றில் வெனிஸ் நகரத்து மணியும் கம்பளித் துணியும் பட்டு நாடாவும் கைக்கு வந்தபோது மாறியது பொருள் மட்டுமே. எதிரெதிரே சுருளும் இரட்டை வளைவுக் கோலத்தை எந்த வெனிஸ் வணிகனும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. பெனொப்ஸ்கொட், மிக்மாக் முதலிய அயற் சமூகங்களும் கையாளும் கோலம் அது.

வேலையின் நுட்பத்தையும் பாருங்கள். ஒரு நூலில் மணிகளைக் கோத்து, வளைவின் போக்கிலே துணிமீது கிடத்தி, இன்னோர் ஊசியால் இரண்டு மூன்று மணிகளுக்கு ஒரு தையல் வீதம் பிடித்துச் செல்ல வேண்டும். தையலின் இடைவெளி கூடினால் வளைவு குலைந்துவிடும். கழுத்துப்பட்டி, கைவிளிம்பு, காலுறை, மொக்கசின் பாதணியின் முகப்பு என்று உடலின் அசைவு தெரியும் இடங்களிலேயே அது அமையும். பாதணிக்குரிய தோலுக்குப் புகையூட்டுவதும் வீண் சடங்கன்று. புகையுண்ட தோல் நனைந்து உலர்ந்த பின்னும் விறைப்பதில்லை.

1759 ஒக்டோபரில் ரொபர்ட் ரொஜர்சின் படையினர் கியூபெக்கின் ஒடனக் கிராமத்தைத் தீயிட்டனர். எரிந்த வீடுகளோடு எத்தனை அங்கிகளும் பாதணிகளும் சாம்பலாயின என்று யார் கணக்கெடுத்தார்? மக்கள் மீண்டும் அதே இடத்தில் குடியேறினர். 1965இல் அங்கேயே தமக்கென ஒரு நூதனசாலையையும் நிறுவினர்.

இன்று பறிபோவது பெயர். பூர்வகுடிக் கைவினை என்று பொய்யுரைத்து விற்போருக்கு 250,000 டொலர் வரை தண்டமும் 5 ஆண்டு வரை சிறையும் விதிக்க வழிசெய்தது அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுச் சட்டம். நல்ல சட்டமே. ஆனால் அச்சட்டம் மத்திய அரசோ மாநிலமோ அங்கீகரித்த குழுக்களின் பட்டியலைத்தான் பார்க்கிறது. வெர்மொன்ட் மாநிலம் 2011இலும் 2012இலும் நான்கு அபெனாக்கிக் குழுக்களை அங்கீகரித்தது. அவற்றுள் ஒன்றான மிசிஸ்கோய்க் குழுவின் விண்ணப்பத்தை, வம்சாவளிச் சான்று போதாதென்று மத்திய அரசு 2007இல் நிராகரித்திருந்தது. அக்குழுவினரில் மிகப் பெரும்பாலோர் அபெனாக்கியரே அல்லர் என்கின்றனர் ஒடனக், வொலினாக் சமூகத்தார். எல்லைக்கு அப்பால் வாழ்வதால் இவர்களுடைய சொல் வெர்மொன்ட் சபையில் ஏறவில்லை.

துன்புறுத்தலுக்கு அஞ்சி அடையாளத்தை மறைத்து வாழ்ந்தோம் என்பது வெர்மொன்ட் குழுக்களின் பதில். 1931இல் கட்டாயக் கருத்தடைக்கு வழிவகுத்த சட்டத்தை இயற்றி, 2021இல் அதற்காக மன்னிப்புக் கோரிய மாநிலம் அது. ஆகவே அந்த அச்சத்தை எள்ளி நகையாடுவது அறமன்று. எனினும் அச்சம் ஆவணத்தை அழிக்கலாம், உறவை அழிக்காது. ஒடனக்கின் குடும்பங்கள் தம் உறவுமுறையை அறிவார்கள். அவர்களைக் கேளாமல் அவர்களுடைய பெயரை வழங்க ஒரு சட்டசபைக்கு என்ன உரித்து இருக்கிறது?

மணி எங்கிருந்து வந்தது என்று துருவுவோர், தைத்தவர் யாருடைய பேத்தி என்று கேட்பதில்லை. கேட்க வேண்டிய வினா அதுவே. வாங்குவோர் அதைக் கேட்கட்டும். நூதனசாலைகள் அதை எழுதட்டும். வெர்மொன்ட் தனது பட்டியலை ஒடனக்கின் முன்னிலையில் மீளாய்வு செய்யட்டும். அதுவரை அந்தப் பட்டியலின் பலத்தில் மட்டும் விற்கப்படும் மணிப்பாதணியை அபெனாக்கியருடையது என்று அழைக்க நாம் கடமைப்பட்டவர்கள் அல்லர்.