மூன்று வயதில் நேர்காணலா?

புத்தாண்டு பிறந்துவிட்டால் நம் பங்கு அலுவலகங்களில் திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டு வரும் இளம் பெற்றோரின் எண்ணிக்கை கூடிவிடுகிறது. "எல்.கே.ஜி. விண்ணப்பத்தோடு வைக்கணும் ஃபாதர்" என்கிறார்கள். அவர்கள் விரலைப் பிடித்து நிற்கும் மூன்று வயதுக் குழந்தையோ, ஆங்கில எழுத்துக்களையும் நிறங்களின் பெயர்களையும் ஒப்பிக்கப் பழகிக்கொண்டிருக்கிறது. நேர்காணலில் கேட்பார்களாம்.

மழலையர் வகுப்பில் சேர்க்கத் தேர்வும் நேர்காணலும் கூடாது என்று, நடுவண் அரசு அமைத்த பேராசிரியர் யஷ்பால் குழு 1993ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துச் சேர்ப்பதைத் தடை செய்தது. ஆனால் அச்சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ளோரின் கல்வியையே முதன்மையாகக் கருதுகிறது. மேலும், சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு அது பொருந்தாது என்று 2014ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை மீண்டும் ஆராய வேண்டுமா என்ற கேள்வி 2025ல் அதே நீதிமன்றத்தில் எழுந்துள்ளது.

சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதால், நற்செய்தியும் நம்மை விட்டுவிடுமா? குழந்தைகளைத் தம்மிடம் வரவிடாமல் தடுத்த சீடர்கள்மீது இயேசு கோபம் கொண்டார் என்று மாற்கு எழுதுகிறார். அக்குழந்தைகளுக்கு என்ன தெரியும் என்று இயேசு கேட்கவில்லை. அவர்களை அரவணைத்து ஆசி வழங்கினார். நம் கத்தோலிக்கப் பள்ளிகளின் வாசலில் நிற்கும் குழந்தைக்கும் அந்த வரவேற்பே கிடைக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரின் பிள்ளையும், வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளையும் நேர்காணலில் பின்தங்கிப்போனால், அங்கே தோற்றது அந்தக் குழந்தை அல்ல, நாம்தான்.

அப்படியானால் பிள்ளைகளைப் பள்ளிக்குத் தயார் செய்யவே வேண்டாமா? கட்டாயம் வேண்டும். தன் கையால் சோறு உண்ண, சிறுநீர் வந்தால் சொல்ல, செருப்பை மாட்ட, விளையாட்டுச் சாமானை இன்னொரு பிள்ளையோடு பகிர, அம்மா சிறிது நேரம் விலகினாலும் திரும்பி வருவார் என்று நம்பப் பழக்குவோம். இரவில் தாய்மொழியில் ஒரு கதை சொல்வோம். குடும்ப செபத்தில் மடியில் அமர்த்தி, சிலுவை அடையாளம் வரையச் சொல்லிக் கொடுப்போம். இவற்றுக்குப் பயிற்சிக் கட்டணம் கிடையாது. நேரம் மட்டுமே தேவை. ஆனால் வேலைக்கும் கைப்பேசிக்கும் போக, அந்த நேரம்தான் இன்று நம் வீடுகளில் குறைந்துவிட்டது.

பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ல் கற்பித்தது. பெற்றோராகிய நாம் இக்கடமையைப் பயிற்சி மையங்களிடம் ஒப்படைக்காதிருப்போம். பள்ளிகளை நடத்தும் நம் மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் மழலையர் நேர்காணலை முற்றிலும் கைவிட முன்வரட்டும். விண்ணப்பங்கள் அதிகமானால் வெளிப்படையாகச் சீட்டுக் குலுக்கலாம். ஏழைக் குடும்பங்களுக்கென இடங்களை ஒதுக்கலாம்.

வரும் ஜூன் மாதம் அழுதுகொண்டே வகுப்பறைக்குள் நுழையப்போகும் நம் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்காகச் செபிப்போம். அவர்கள் வரும் வழியில் நாமே தடையாக நிற்காதிருப்போம்.