மலைப்பாதையில் வழிகாட்டியின் சொல்

சிம்லாவிலிருந்து புறப்பட்டு, நார்க்கண்டாவின் தேவதாரு வனங்களைக் கடந்து, ராம்பூரில் சட்லெஜ் நதிக்கரையை அடைந்து, பின்பு அந்நதியின் பள்ளத்தாக்கையே துணையாகக் கொண்டு கின்னௌர் வழியாக ஸ்பிதிக்கு ஏறிச் செல்லும் பாதையில், கோடை மாதங்களில் மோட்டார் சைக்கிள் குழுக்களைத் தொடர்ந்து காணலாம். நகரங்களில் உத்தியோகம் பார்க்கும் இளைஞர்கள் பத்துப் பன்னிரண்டு பேராகச் சேர்ந்து, ஒரு நிறுவனத்திடம் பணம் கட்டி, அந்நிறுவனம் அமர்த்தித் தரும் வழிகாட்டியின் பின்னால் அணிவகுத்துச் செல்லும் இந்த யாத்திரையைப் பற்றி என் மனத்தில் உறுதிப்பட்டுவிட்ட ஓர் அபிப்பிராயம் உண்டு. வழிகாட்டி என்று ஒருவரை முன்னால் நிறுத்திவிட்டு, 'இன்று போக வேண்டாம்' என்று அவர் சொல்லும்போது மட்டும் அவர் சொல்லை மதிக்க மறுப்பது உயிரோடு விளையாடுவதாகும். ஆகையால் அந்தச் சொல்லுக்கு ஒப்பந்தத்திலும் அரசாங்க விதியிலும் பலம் ஏற்படுத்தித் தரவேண்டும்.

அந்தப் பள்ளத்தாக்கின் இயல்பை அறிந்தாலன்றி இதன் நியாயம் விளங்காது. திபெத்தில் மானசரோவரப் பிரதேசத்தில் தோன்றி, ஷிப்கி கணவாய்க்கு அருகே நம் எல்லைக்குள் புகும் சட்லெஜ், இமயமலை எழும்புவதற்கு முன்பிருந்தே அத்திசையில் ஓடி வந்ததென்றும், மலை உயர உயரத் தன் படுகையைத் தானே ஆழமாக அறுத்துக்கொண்டு பழைய வழியை விடாமல் காத்துக்கொண்டதென்றும் பூகர்ப்ப சாஸ்திரிகள் சொல்லுகிறார்கள். மலை எழுவதும் நின்றபாடில்லை. நதி அறுப்பதும் நின்றபாடில்லை. இவ்விரு பெருஞ்சக்திகளுக்கும் இடையே, செங்குத்தான பாறையின் விலாவைக் குடைந்து, 1850ஆம் ஆண்டில் டல்ஹௌசி பிரபுவின் காலத்தில் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான்-திபெத் பாதையின் வாரிசாக இன்றைய நெடுஞ்சாலை செல்லுகிறது. தராண்டா என்னுமிடத்தில் ஒருபுறம் பாறையே சாலைக்குக் கூரையாகக் கவிந்திருக்க, மறுபுறம் பார்வை நேரே நதியின் பாதாளத்தில் போய் விழுகிறது. அங்குள்ள தேவி கோயிலின் முன் லாரி ஓட்டுபவர்களும் பஸ் ஓட்டுபவர்களும் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டே அப்பால் நகருகிறார்கள். தங்கள் சாமர்த்தியம் எதுவரையில் செல்லும், எதற்கு மேல் செல்லாது என்பதை அந்தச் சாலையிலேயே ஆயுளைக் கழித்தவர்கள் அறிந்திருக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டியதில்லை.

2021ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் தேதி, சாங்லா பள்ளத்தாக்கில் பட்சேரி கிராமத்துக்கு அருகே மலையுச்சியிலிருந்து உருண்டு வந்த பாறைகள் பிரயாணிகள் ஒன்பது பேரின் உயிரைப் பறித்தன. மூன்று வாரம் கூட ஆகவில்லை. ஆகஸ்டு 11ஆம் தேதி நிகுல்சாரியில் ஒரு சரிவு முழுவதுமே பெயர்ந்து, அரசாங்க பஸ் ஒன்றின் மீதும் வேறு சில வண்டிகளின் மீதும் விழுந்ததில் 28 பேர் மாண்டார்கள். இவற்றில் வண்டி ஓட்டியவர்கள் செய்த பிழை என்று எதைச் சொல்ல முடியும்? வளைவுகளில் வண்டியை எவ்வளவு லாகவமாகச் சாய்க்கக் கற்றிருந்தாலும், தலைக்கு மேலே ஆயிரம் அடி உயரத்தில் தளர்ந்திருக்கும் கல்லை அந்தக் கலையினால் தடுத்துவிட முடியாது. அக்கல்லைப் பற்றி ஏதேனும் அறியக்கூடியவர்கள் அவ்வட்டாரத்து மனிதர்களே. எந்தச் சரிவில் மேலே ஆடுகள் மேய்ந்து கற்களைத் தட்டிவிடும், மழை நின்றுவிட்டதென்று நாம் மகிழும் வேளையில் எந்தச் சரிவு நனைந்த கனத்தோடு இறங்கத் தொடங்கும், முந்திய இரவு எவ்விடத்தில் புழுதி எழுந்தது என்பனவெல்லாம் தேநீர்க் கடைகளிலும் எதிரே வரும் லாரிக்காரர்களிடமும் பேசிப் பேசிச் சேகரிக்கப்படும் ஞானம். கைபேசியின் வரைபடத்தில் அது கிடைக்காது.

காப் என்னுமிடத்தில் ஸ்பிதி நதி சட்லெஜோடு கலக்கிறது. அதற்கு மேலே பருவமழை மேகங்கள் பெரும்பாலும் எட்டுவதில்லையாதலால், பசுமை மறைந்து, மலைகள் நிர்வாணமாக, சாம்பலும் செம்மண்ணும் குழைத்துப் பூசினாற்போல நிற்கின்றன. மரங்களின் வேர்ப்பிடிப்பு இல்லாத அந்தச் சரிவுகளில், நாகோவுக்கு அப்பால் மாலிங் ஓடையைச் சார்ந்த பகுதி நிலச்சரிவுக்குப் பெயர் போனது. அங்கே அனுபவமுள்ள வழிகாட்டி குழுவை நிறுத்தி, தான் மட்டும் இறங்கி நின்று, சிறிது நேரம் சரிவை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒருவர் கடந்த பின்பே அடுத்தவரை அனுப்புவார். அவர் நிற்கும் அந்த நிமிஷங்களில் பின்னால் இருப்பவர்கள் பொறுமையிழந்து ஹாரன் அடிப்பதைக் காட்டிலும் வருந்தத்தக்க காட்சி அப்பாதையில் வேறில்லை. அபாயம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில்தான் பிறக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. 2004இல் திபெத்தில் ஒரு நிலச்சரிவு பாரேச்சு நதியை மறித்து ஏரியாக்கிவிட, மறு வருஷம் ஜூன் 26ஆம் தேதி அந்த ஏரி உடைத்துக்கொண்டு ஸ்பிதி வழியாகச் சட்லெஜில் பாய்ந்து, கின்னௌரின் பாலங்களையும் சாலைகளையும் வாரிக்கொண்டு போயிற்று.

ஓடைகளின் விஷயத்திலும் இதே நிலைதான். காஜாவைத் தாண்டி, லோசார் வழியாகக் குன்ஸும் கணவாய் ஏறி, சந்திரா நதிக்கரையில் பாதலுக்கும் சத்ருவுக்கும் இறங்கும் பாதையில், பனியுருகிய நீர் பல இடங்களில் சாலையின் மேலேயே ஓடுகிறது. காலையில் கணுக்கால் அளவு நீராகத் தோன்றும் ஓடை, வெயில் ஏறிப் பனி உருக உருக, பிற்பகலில் சக்கரத்தையே புரட்டித் தள்ளும் வெள்ளமாகிவிடும். ஆகவே அதிகாலையில் புறப்பட வேண்டும் என்று வழிகாட்டி வற்புறுத்துவது வெறும் கண்டிப்பினால் அன்று. முதலில் நடந்து இறங்கி அடிக்கல்லைக் கால்களால் உணர்ந்து, பிறகு முதல் கியரில், கிளட்சைப் பிடிக்காமல், ஒரே சீராக, பார்வையை நீரில் வைக்காமல் எதிர்க்கரையில் வைத்துக் கடக்க வேண்டும் என்று அவர் கற்பிக்கும் பாடம் பலருடைய விழுப்புண்களிலிருந்து பிறந்தது. உறங்கித் தாமதமாகப் புறப்பட்ட குழு பிற்பகலில் அந்த ஓடைக்கரைக்கு வந்து சேர்ந்தால், அன்றைக்கு அங்கேயே தங்குவதுதான் விவேகம். அதை ஏற்றுக்கொள்ள மனமின்றி, முன்னால் போன ஜீப் கடந்துவிட்டதே என்று வாதாடுவோர் அநேகர்.

ஆனால் எல்லாவற்றையும் விடச் சூக்ஷ்மமான அபாயம் காற்றில் இருக்கிறது. குன்ஸும் கணவாய் 4,500 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுள்ளது. அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான். நம்மவர்கள் ஓட்டிச் செல்லும் வண்டிகளில் பெரும்பாலானவை ராயல் என்ஃபீல்டு ரகத்தைச் சேர்ந்தவை. 1955ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனியோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டுச் சேர்ந்து தொடங்கி, சென்னைக்கு வடக்கே திருவொற்றியூர்க் கடற்கரையோரத்தில் வேரூன்றிய தொழிலின் வழிவந்த வண்டிகள் அவை. பழைய கார்புரேட்டர் வண்டிகள் மலையுச்சியில் மூச்சுத் திணறும். எரிபொருளுக்கு ஏற்ற காற்று கிடைக்காமல் கரும்புகை கக்கும். புதிய வண்டிகளில் காற்றழுத்தத்தைத் தானே அளந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும் கருவி இருப்பதால் அவை சுணங்காமல் ஏறிவிடுகின்றன. இந்த முன்னேற்றமே ஒரு மயக்கத்தை உண்டாக்குகிறது. வண்டி நொடியில் தன்னைச் சரிப்படுத்திக்கொள்ளுகிறது. மனித தேகமோ அதே காரியத்தைச் செய்யப் பல நாட்களை வேண்டுகிறது. 3,000 மீட்டருக்கு மேலே, இரவு தங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது என்பதும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஏறாமல் இளைப்பாற வேண்டும் என்பதும் வைத்தியர்களின் பொது விதி. 2,000 மீட்டர் உயரமுள்ள மணாலியில் காலையில் காபி குடித்துவிட்டு, அன்று மாலையே குன்ஸும் ஏறி இறங்கிக் காஜாவில் போய்ப் படுக்கலாம் என்று திட்டமிடுபவர்கள் இந்த விதியைக் காலால் மிதிக்கிறார்கள். சிம்லாவிலிருந்து சாங்லா, கல்பா, நாகோ, தாபோ என்று தங்கித் தங்கி ஏறும் நீண்ட வழியையே நான் எல்லோருக்கும் சொல்லுவேன். பெரிய உயரத்தில் முதலில் மங்குவது அறிவின் நிதானம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தலைவலியையும் குமட்டலையும் அலட்சியம் செய்து, 'எனக்கு ஒன்றுமில்லை, போகலாம்' என்று அழுத்திச் சொல்லுபவனே பல வேளைகளில் உடனே கீழே இறக்கப்பட வேண்டியவனாக இருக்கிறான். தன் நிலையைத் தானே தீர்மானிக்க இயலாத இடத்துக்குப் போகிறவன், தீர்மானிக்கும் உரிமையைப் புறப்படும்போதே இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவதுதான் முறை.

சுதந்திரத்தைத் தேடியல்லவா மோட்டார் சைக்கிளில் ஏறுகிறோம், அங்கேயும் ஒருவர் கட்டளைக்கு அடங்கி நடப்பதா என்று கேட்பவர்களை நான் அறிவேன்; அவர்களுடைய ஏக்கத்தில் உள்ள உண்மையையும் மறுக்கவில்லை. ஆயினும் கல்பாவின் கதையை அவர்கள் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் பெரும்பாலான இடங்களில் 1952ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் நடைபெற்றது. ஆனால் பனி விழுந்துவிட்டால் வாக்குச்சாவடிகளை அடைய முடியாது என்பதனால், கின்னௌர்ப் பிரதேசத்தில் 1951 அக்டோபர் மாதத்திலேயே வாக்குப்பதிவை நடத்தினார்கள். அம்மாதம் 25ஆம் தேதி கல்பாவில் வாக்களித்த ஆசிரியர் ஷியாம் சரண் நேகி, நாட்டின் முதல் வாக்காளர் என்ற புகழோடு 2022ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். கோடிக்கணக்கான ஜனங்களைக் கொண்ட ஒரு குடியரசு தன் முதல் தேர்தலின் தேதியையே பனிக்காக மாற்றி வைத்தது. ஒரு குழுவினுடைய விடுமுறைப் பட்டியல் அதைக் காட்டிலும் மாற்றமுடியாததா?

உண்மையில் வழிகாட்டியின் வாயைக் கட்டிப்போடுவது அந்த விடுமுறைப் பட்டியலும், அதற்கு இணங்கி நிறுவனங்கள் அச்சிடும் நெருக்கமான நிகழ்ச்சிநிரலும்தான். திரும்பும் விமானத்துக்கு முன்பே சீட்டு வாங்கியாகிவிட்டது. சந்திரதால் ஏரியைக் காட்டாவிட்டால் பாதிப் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். யாத்திரை முடிந்ததும் வாடிக்கையாளர்கள் போடும் மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் அடுத்த பருவத்துக்கு வேலை. கோடையின் சில மாதங்களில் சம்பாதித்து ஆண்டு முழுவதும் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டிய மனிதர், இத்தனை நிர்ப்பந்தங்களுக்கும் நடுவே நின்று 'வேண்டாம்' என்று சொல்லத் துணிவதற்கு எவ்வளவு மனோதிடம் வேண்டும்! அவர் ஒருவேளை அரைமனதோடு இசைந்து, அதனால் விபரீதம் நேர்ந்துவிட்டால், பழி மட்டும் முழுவதுமாக அவர் தலையில் விழுகிறது. இது தர்மமன்று.

ஆகவே, குழுவை நிறுத்தவும் திருப்பவும் வழிகாட்டிக்கு உள்ள உரிமையைப் பிரயாணி கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் தெளிவாக எழுத வேண்டும். திரும்பிவிட்ட நாளுக்கும் முழுக் கூலி அவருக்குக் கிடைக்க வேண்டும். மலைப்பகுதிக்கான நிகழ்ச்சிநிரல் ஒவ்வொன்றிலும் குறைந்தபட்சம் இரண்டு நாட்கள் காலியாக விடப்பட வேண்டும். இந்நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கும் அதிகாரிகள் வண்டியின் காகிதங்களைச் சோதிப்பதோடு நில்லாமல், முன்னால் செல்பவரும் கடைசி வண்டியில் வருபவரும் முதலுதவி அறிந்தவர்களா, பின்தொடரும் மெக்கானிக்கின் வண்டியில் பிராணவாயு உருளை இருக்கிறதா, அந்த வட்டாரத்து மனிதர் ஒருவராவது குழுவில் உண்டா என்று கேட்டு உறுதிசெய்து கொள்ள வேண்டும். சாலையைச் செப்பனிடும் தொழிலாளர்களையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். ஜார்க்கண்டின் தும்காவைப் போன்ற தூரத்து ஜில்லாக்களிலிருந்து வந்து, இமயத்தின் பாதைகளில் கல் உடைத்துத் தார் ஊற்றும் அவர்கள் சிவப்புக் கொடியைக் காட்டினால் குழு முழுவதும் மறுபேச்சின்றி நிற்கவேண்டும்; அதை முன்னால் செல்பவரே நின்று காட்டிப் பழக்க வேண்டும்.

காலி நாட்களினால் செலவு கூடும் என்பது உண்மை. ஆனால் அந்த நாட்கள் வீணாவதில்லை. தாபோவில் ஒரு நாள் முடங்க நேர்ந்தவன், 996ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அந்த மடாலயத்தின் களிமண் சுவர்களுக்குள் நுழைந்து, ஆயிரம் ஆண்டுகளாகியும் வண்ணம் மாறாத போதிசத்துவர்களின் திருவுருவங்களை விளக்கொளியில் ஆற அமரப் பார்க்கலாம். 1975 ஜனவரியில் கின்னௌரைக் குலுக்கிய பூகம்பம் அவற்றுக்கு இழைத்த சேதத்தையும், அதன் பின்பும் அவை நிலைத்து நிற்கும் அற்புதத்தையும் அறியலாம். மேலேயுள்ள குகைகளுக்கு ஏறி, பிக்ஷுக்கள் குளிர்காலத்தில் தவமிருந்த இடங்களைக் காணலாம். காஜாவில் தங்க நேர்ந்தவன் சிச்சம் கிராமத்துக்குப் போய், ஏறத்தாழ ஆயிரம் அடி ஆழமுள்ள மலைப்பிளவின் மேலே 2017ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாலத்தில் நின்று, அதற்கு முன்பு அவ்வூர் ஜனங்கள் கயிற்றில் தொங்கும் கூடையில் அமர்ந்து அதே பிளவைக் கடந்து வந்ததை ஊர்ப் பெரியவர்கள் வாயாலேயே கேட்கலாம். அவன் கூடுதலாகச் செலவிடும் பணமும் அந்த ஊர்களின் விடுதிக்காரர்களிடமும் சமையற்காரர்களிடமும்தான் போய்ச் சேருகிறது.

அடுத்த கோடைக்காக இப்போதே பணம் சேர்த்துக்கொண்டிருக்கும் இளைஞர்களையும், அவர்களை வழியனுப்பப் போகும் பெற்றோர்களையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். முன்பணம் கட்டுவதற்கு முன், வழிகாட்டி நிறுத்தச் சொன்னால் குழு நிற்குமா, அப்படி நின்ற நாளுக்கு அவருக்குக் கூலி உண்டா, அதற்காக நிகழ்ச்சிநிரலில் எத்தனை நாட்களை ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று நிறுவனத்தாரிடம் கேளுங்கள். விடையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தர மறுப்பவர்களோடு அந்தப் பள்ளத்தாக்குக்குள் போகாதீர்கள்.