காசநோய் ஆய்வுக்குப் பணம் தருவது யார்?

2025 ஜனவரி 20 அன்று அமெரிக்க அதிபராகப் பொறுப்பேற்ற டொனால்ட் டிரம்ப், அதே நாளில் வெளிநாட்டு உதவிகளை 90 நாள்களுக்கு நிறுத்தி வைக்கும் உத்தரவில் கையெழுத்திட்டார். ஆறு மாதம் முடிவதற்குள், ஜூலை 1 அன்று, 'யு.எஸ்.எய்ட்' என்ற அந்நாட்டு உதவி முகமை தன் வெளிநாட்டு உதவிப் பணிகளை முடித்துக்கொண்டது. நம் ஊடகங்கள் இதை அமெரிக்காவின் உள்நாட்டு அரசியலாகவே பேசிவிட்டு நகர்ந்துவிட்டன. ஆனால் இதன் அடி முதலில் விழுந்த இடங்களில் ஒன்று நம் அண்டை நாடான வங்கதேசம்.

டாக்காவில் சர்வதேச வயிற்றுப்போக்கு நோய் ஆய்வு மையம் இருக்கிறது. 1960களில் காலரா ஆய்வுக்கூடமாகத் தொடங்கிய இதில் நடந்த ஆய்வுகளிலிருந்துதான், இன்று எந்த மருந்துக் கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். உப்பு-சர்க்கரைக் கரைசல் உருவானது. 1971 போரின்போது பங்கான் அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலனபிஸ் அதே கரைசலைக் கொடுத்து ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். அந்த மையத்தில் யு.எஸ்.எய்ட் பணத்தில் நடந்த திட்டங்கள் நின்றுபோனதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் வேலையிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் காசநோய்ப் பணியில் இருந்தவர்கள்.

காசநோய் பழைய காலத்து நோய் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 1 கோடியே 8 லட்சம் பேருக்குக் காசநோய் வந்தது, 12.5 லட்சம் பேர் இறந்தனர். அந்த ஆண்டு உலக நோயாளிகளில் 26 சதவீதம் பேர் இந்தியாவில் இருந்தனர். அடுத்த இடம் இந்தோனேசியாவுக்கு. பாகிஸ்தானும் முதல் ஐந்து நாடுகளில் ஒன்று.

இப்படிப்பட்ட ஒரு நோய்க்கு ஆய்வுப் பணம் எவ்வளவு? 2022இல் உலகம் முழுவதும் சேர்த்துச் சுமார் 100 கோடி டாலர். 2027க்குள் ஆண்டுக்கு 500 கோடி டாலர் திரட்ட வேண்டும் என்று 2023இல் ஐ.நா. உயர்நிலைக் கூட்டத்தில் நாடுகள் ஒப்புக்கொண்டன. அந்த இலக்கு எட்டாத தூரத்தில் இருக்கும்போதே, காசநோய் ஆய்வுக்கு உலகில் மூன்றாவது அதிகப் பணம் கொடுத்துவந்த யு.எஸ்.எய்ட் தன் பணத்தில் நடந்த மருத்துவப் பரிசோதனைகள் அனைத்தையும் நிறுத்திவிட்டது. 2025 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனமே இதை அறிவித்தது.

இந்தியாவில் காசநோயாளிக்குத் தரப்படும் மருந்துக்குப் பெரும்பாலும் நம் அரசுகளே செலவு செய்கின்றன. ஆகவே நாளையே மாத்திரை நின்றுவிடும் என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அடுத்த மருந்து, அடுத்த தடுப்பூசி, இன்னும் விரைவான பரிசோதனை ஆகியவை ஆய்வு மானியத்திலிருந்துதான் பிறக்க வேண்டும். குழந்தைகளுக்குப் போடும் பி.சி.ஜி. தடுப்பூசி 1921இல் வந்தது. அது பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்பதை உலகுக்குச் சொன்னதே 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பெரும் ஆய்வுதான். அதன் பிறகு இத்தனை ஆண்டுகள் ஆகியும் பெரியவர்களுக்கு ஒரு புதிய தடுப்பூசி வரவில்லை.

ஆய்வு மானியம் என்றால் என்ன, அதனால் ஏழை வீட்டுக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்குச் சென்னையே விடை சொல்லும். 1956இல் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.), சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆய்வுக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து இதை நடத்தின. அன்று காசநோய் என்றால் மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுக்க வேண்டும். படுக்கைகளோ மிகக் குறைவு. நோயாளிகளில் ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மறு பிரிவினரைத் தங்கள் நெருக்கடியான வீடுகளிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். 1959இல் முடிவு வெளியானது. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களும் அதே அளவு குணமடைந்தார்கள். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவுமில்லை. இன்று உலகம் முழுவதும் காசநோயாளி தன் பிள்ளைகளோடு இருந்தபடியே சிகிச்சை பெறுகிறார் என்றால், அதன் வேர் இந்தச் சென்னை ஆய்வில் இருக்கிறது.

அண்மைக் கால உதாரணமும் உண்டு. ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை ஐ.சி.எம்.ஆர். நிதியில் 'ரேஷன்ஸ்' என்ற ஆய்வு நடந்தது. மங்களூரு ஏனப்போயா மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் முன்னின்று நடத்த, சென்னையின் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் பங்கேற்றது. காசநோயாளியின் குடும்பத்தில் உள்ளவர்களுக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். அவ்வாறு கொடுத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. தொற்றும் வகைக் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. 2023 ஆகஸ்டில் இம்முடிவுகள் வெளியாயின. 2024 நவம்பரில் காசநோயாளிகளுக்கான மத்திய அரசின் ஊட்டச்சத்து உதவி மாதம் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. வயிறு நிறைந்தால் நோய் குறையும் என்று நம் பாட்டிமார்கள் அறிந்ததுதான். ஆனால் எவ்வளவு உணவு, எவ்வளவு பலன் என்று எண்ணிக் காட்டினால்தான் அரசு பணம் ஒதுக்கும். எண்ணிக் காட்டுவதற்குத்தான் மானியம் வேண்டும்.

அப்படியானால் இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? முதலாவது அரசு. 1911இல் ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1949இல் இன்றைய பெயர் பெற்ற ஐ.சி.எம்.ஆர். இதில் முதன்மையானது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்று இலக்கு வைத்துள்ளார்கள். ஆனால் நம் நாடு ஆய்வுக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.64 சதவீதம்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

இரண்டாவது அறக்கொடைகள். பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளை, மருந்து வணிகர் ஹென்றி வெல்கம் 1936இல் இறந்தபோது எழுதிவைத்த உயிலிலிருந்து தோன்றியது. அவர் விட்டுச் சென்ற சொத்தின் வருமானம் இன்றுவரை ஆய்வாளர்களுக்குப் போய்ச் சேருகிறது. பெரியவர்களுக்கான புதிய காசநோய்த் தடுப்பூசி ஒன்றின் இறுதிக்கட்டச் சோதனை 2024 மார்ச்சில் தொடங்கியது. இந்தோனேசியா உள்பட பல நாடுகளில் சுமார் 20,000 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். அதற்கான பணம் வெல்கமும் கேட்ஸ் அறக்கட்டளையும் தருவது.

முதலை அப்படியே வைத்து அதன் வருமானத்தை மக்களுக்குச் செலவிடும் இந்த முறையை நாம் வேறொரு பெயரில் அறிவோம்: வக்ஃப். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மன்சூரி மருத்துவமனை வக்ஃப் சொத்துகளின் வருமானத்தில் நடந்தது. ஏழை, செல்வந்தர், ஆண், பெண் என்ற வேறுபாடின்றி அங்கே சிகிச்சை தரப்பட்டது. மருத்துவம் கற்பிக்கும் ஆசிரியருக்கும் அதே வக்ஃபிலிருந்து ஊதியம் போனது. சிகிச்சையையும் கல்வியையும் ஒரே கொடையில் இணைத்த அந்தச் சிந்தனை நம் சொத்து. இன்று நம் ஊர்களில் வசதி படைத்தவர்கள் எழுதிவைக்கும் கொடைகளில் மருத்துவ ஆய்வுக்கென்று எத்தனை இருக்கின்றன?

ஆய்வு என்பது, யாரோ ஒருவர் கேட்கும் கேள்விக்கு யாரோ ஒருவர் பணம் தருவது. கேட்க ஆள் இல்லாத கேள்விக்குப் பணமும் இல்லை. மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் நம் தாய்மார்களின் நுரையீரல் எப்படி இருக்கிறது? வாணியம்பாடி, ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் இளைஞர்களின் உடல்நிலை என்ன? பெண்ணின் திருமணம் தடைபடும் என்று அஞ்சி நோயை மறைக்கும் குடும்பங்களை எப்படி மருத்துவரிடம் வரவைப்பது? இவற்றை அந்தத் தெருக்களில் பிறந்து வளர்ந்தவர்களே சரியாகக் கேட்க முடியும்.

வாய்ப்புகள் இருக்கின்றன. எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். படிக்கும் மாணவர்கள் இரண்டு மாதம் ஒரு சிறு ஆய்வு செய்ய ஐ.சி.எம்.ஆர். உதவித்தொகை தருகிறது. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் வெல்கமும் 2008 முதல் இணைந்து நடத்தும் 'இந்தியா அலையன்ஸ்', இளம் ஆய்வாளர்களுக்கும் பொது சுகாதாரத் துறையினருக்கும் பல ஆண்டு நிதி அளிக்கிறது. 2025 அக்டோபரில் இதன் அடுத்த கட்டத்துக்கு 1,500 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நம் பிள்ளைகள் மருத்துவம், நர்சிங், பார்மசி, புள்ளியியல் என்று படிக்கிறார்கள். பட்டம் முடிந்ததும் வளைகுடா வேலை ஒன்றே வழி என்று அவர்களை நாம் அவசரப்படுத்த வேண்டாம். ஆய்வும் ஒரு கண்ணியமான வாழ்வு. உம்மத்துக்கும் நாட்டுக்கும் பயன் தரும் கல்வி.

அறக்கட்டளை நடத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை. வெளிநாட்டு மானியம் பெற எஃப்.சி.ஆர்.ஏ. பதிவோ முன் அனுமதியோ கட்டாயம். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அப்படிப் பெற்ற பணத்தை வேறொரு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. "வெளிநாட்டு நிதி வாங்கித் தருகிறோம்" என்று கமிஷன் கேட்டு வருபவர்களை நம்பி நிர்வாகிகள் கையெழுத்துப் போட வேண்டாம். கணக்குச் சுத்தமாக இல்லாத அமைப்புக்கு எந்த மானியமும் நிலைக்காது.

ஆய்வுக்குள் போக முடியாத குடும்பங்களுக்கும் ஒரு வழி உண்டு. மத்திய அரசு 2022இல் தொடங்கிய 'நிக்‌ஷய் மித்ரா' திட்டத்தில் தனிநபரோ ஜமாஅத்தோ பெயர் பதிந்து, காசநோயாளி ஒருவருக்கு மாதந்தோறும் உணவுப் பொருள்கள் வழங்கலாம். ஜார்க்கண்டில் பலன் கண்டதும் இதே அரிசியும் பருப்பும்தான். ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் முதலில் வருபவர்கள் ஏழைகளும் வறியவர்களும்; நோயில் வேலையிழந்த காசநோயாளி பெரும்பாலும் அவர்களில் ஒருவராகவே இருக்கிறார். நோயாளி எந்த மதத்தவரானாலும் நம் ஸதகாவின் கதவு திறந்தே இருக்கிறது.

வாஷிங்டனில் ஒருவர் இட்ட கையெழுத்தில் டாக்காவில் ஆயிரம் பேர் வேலையிழந்தார்கள். பிறர் பணத்தை மட்டும் நம்பும் ஆரோக்கியம் இவ்வளவு பலவீனமானது. வரும் வெள்ளியன்று ஜும்ஆவுக்குப் பின் நம் ஜமாஅத் நிர்வாகிகளிடம் இரண்டு கேள்விகளைக் கேட்போம்: நம் மஹல்லாவில் எத்தனை காசநோயாளிகள் இருக்கிறார்கள்? அவர்களுக்கு இந்த மாதம் நாம் என்ன கொடுத்தோம்?