சோர்ந்தவர்களுக்கே பலமான ஆகாரம்



நம்முடைய சபைகளில் ஓர் எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆழமான வேதபோதனை இறையியல் கல்லூரி மாணவருக்கு உரியது. வாரம் முழுவதும் உழைத்துக் களைத்து, கடனோடும் நோயோடும் போராடி ஞாயிறன்று ஆலயத்துக்கு வருகிறவருக்கு ஆறுதலான இரண்டு வார்த்தைகள் போதும் என்பதே அது. அன்பினால் எழுகிற எண்ணம்தான். ஆனாலும் வேதம் இதற்கு நேர்மாறான ஒன்றைச் சொல்லுகிறது என்று நான் நம்புகிறேன். ஆழமான போதனை அதிகமாய்த் தேவைப்படுவது சோர்ந்து போனவர்களுக்கே.

எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தைக் கவனியுங்கள். பாலையும் பலமான ஆகாரத்தையும் பற்றி ஐந்தாம் அதிகாரத்தின் முடிவில் வாசிக்கிறோம். போதகர்களாய் இருக்கவேண்டிய காலத்தில் இன்னும் அடிப்படைப் பாடங்களே உங்களுக்குத் தேவைப்படுகின்றனவே என்று ஆசிரியர் அங்கே வருந்துகிறார். அந்த வாசகர்கள் யார்? பத்தாம் அதிகாரம் அதைச் சொல்லுகிறது. விசுவாசத்தினிமித்தம் நிந்தை அடைந்தவர்கள், ஆஸ்திகள் சூறையாடப்படுவதைப் பொறுத்துக்கொண்டவர்கள், சிறையில் இருந்தவர்களுக்காகப் பரிதபித்தவர்கள். இப்போதோ அவர்கள் பின்வாங்கிப்போகும் ஆபத்தில் நிற்கிறார்கள்.

இங்கே ஒரு காரியத்தை நாம் எளிதில் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். ஆசிரியர் மெல்கிசேதேக்கைப் பற்றிப் பேசத் தொடங்கி, நீங்கள் கேட்பதில் மந்தமாகிவிட்டீர்கள் என்று சொல்லி நிறுத்துகிறார். அதோடு அவர் அந்தப் பொருளைக் கைவிட்டாரா? இல்லை. ஆறாம் அதிகாரத்தில் எச்சரித்துத் தேற்றிய பின்பு, ஏழாம் அதிகாரம் முழுவதும் அதே மெல்கிசேதேக்கைக் குறித்தே எழுதுகிறார். பாலைத் தேடியவர்களுக்கு அவர் பாலை மட்டும் கொடுத்து அனுப்பிவிடவில்லை. தங்களுக்காகப் பரிந்து பேச எப்பொழுதும் உயிரோடிருக்கிற பிரதான ஆசாரியர் ஒருவர் உண்டு என்று அறியாதவர்கள், உபத்திரவத்தில் எதைப் பற்றிக்கொண்டு நிற்பார்கள்? அந்தச் சோர்வுக்கு மருந்தே அந்த ஆழமான போதனைதான்.

இனி நம்முடைய வழக்கத்துக்கு வருவோம். புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த வசனம் பெற்றுக்கொள்ளுகிறோம். அழகான அட்டையில் அச்சிட்டு வீட்டுச் சுவரில் மாட்டுகிறோம். அப்படி அதிகமாய் இடம்பெறும் வசனங்களில் ஒன்று எரேமியா 29:11. தேவன் நம்மேல் கொண்டிருப்பவை தீமைக்கான நினைவுகள் அல்ல, சமாதானத்துக்கான நினைவுகளே என்பது அதன் பொருள். சத்தியமான வசனம், இனிமையான வசனம். ஆனால் அது ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது.

நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து சிறைபிடித்துப் பாபிலோனுக்குக் கொண்டுபோன மக்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அது. அங்கே வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், விவாகம்பண்ணிப் பிள்ளைகளைப் பெறுங்கள், உங்களைச் சிறையாக்கிய அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று அதில் அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. பதினோராம் வசனத்துக்குச் சற்று முன்னே பத்தாம் வசனத்தில் 70 வருஷம் என்ற கணக்கு வருகிறது. கடிதத்தைக் கேட்ட முதியோரில் அநேகர் எருசலேமை மறுபடியும் கண்டிருக்கமாட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே காணவேண்டியிருந்தது. வாக்குத்தத்தம் தனி மனிதன் ஒருவனின் இந்த ஆண்டுக்கான திட்டத்துக்கு அல்ல, ஒரு ஜனத்துக்குக் கொடுக்கப்பட்டது. தலைமுறைகளைத் தாண்டி நிறைவேறியது.

இதற்கு முந்திய அதிகாரத்தில் அனனியா என்னும் ஒருவன் வருகிறான். இரண்டு வருஷத்துக்குள் எல்லாம் திரும்பிவரும் என்று ஆலயத்தில், ஆசாரியர்களுக்கும் சகல ஜனங்களுக்கும் முன்பாக அவன் அறிவித்தான். எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து உடைத்தும் காட்டினான். கேட்க இனிமையாயிருந்தது அவனுடைய வார்த்தையே. ஆனால் கர்த்தர் அவனை அனுப்பவில்லை. இருவருமே கர்த்தருடைய நாமத்தில்தான் பேசினார்கள். இருவருமே திரும்பிவருதலைக் குறித்துத்தான் சொன்னார்கள். அந்தக் கூட்டத்தில் நீங்கள் நின்றிருந்தால் யாருக்கு ஆமென் சொல்லியிருப்பீர்கள்? நன்மை தீமையைப் பகுத்தறியப் பழகிய ஞானேந்திரியங்களைத் தேர்ந்தவர்களின் அடையாளமாக எபிரெயர் நிருபம் சொல்வது இதனால்தான்.

ஒரு தாய் தன் மகனுடைய வேலைக்காக இந்த வசனத்தை வருஷமெல்லாம் அறிக்கையிட்டு ஜெபிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் வந்துவிட்டது, வேலை வரவில்லை. முழுக் கடிதத்தையும் அவளுக்கு யாரும் விளக்கியதில்லை. அப்போது அவள் முன்னே இரண்டு முடிவுகளே நிற்கின்றன. ஒன்று, தேவன் வாக்கு மாறினார். மற்றது, என் விசுவாசம் போதவில்லை. இரண்டும் பொய். நோய்ப்படுக்கையில் இருக்கிறவர்களும் இந்த இரண்டாவது பொய்யைத் தங்கள் நோயோடு சேர்த்துச் சுமக்கிறார்கள். கடிதம் முழுவதையும் அறிந்திருந்தால், பதில் தாமதிக்கும் நாளிலும் தோட்டம் நாட்டச் சொல்லுகிற தேவனை அவர்கள் அறிந்திருப்பார்கள். வசனத்தைச் சூழலிலிருந்து பிரித்தெடுத்தால் ஆறுதல் பெருகுவதில்லை. ஆறுதலின் வேரே அறுபட்டுப் போகிறது.

அறிவு இறுமாப்பை உண்டாக்குமே என்று சிலர் கேட்கலாம். பவுல் அப்படி எச்சரித்தது உண்மை. ஆனால் அந்த எச்சரிப்பை ஆழமான போதனை நிறைந்த ஒரு நிருபத்தில்தான் அவர் எழுதினார். அன்பில்லாத அறிவுக்கு மாற்று அன்போடு கூடிய அறிவுதான், அறியாமை அல்ல. மேலும், ஆழமான போதனை என்பது மேடையில் கிரேக்க, எபிரெயச் சொற்களை அடுக்குவதும் அல்ல. எஸ்றாவின் நாளில் நடந்ததை நெகேமியா எட்டாம் அதிகாரத்தில் பாருங்கள். காலைதொடங்கி மத்தியானம்வரை நியாயப்பிரமாணம் வாசிக்கப்பட்டது. லேவியர் ஜனங்களுக்கு அதை விளங்கப்பண்ணினார்கள். அழுதுகொண்டிருந்தவர்கள் அந்த நாளிலேயே மகிழ்ச்சியோடு போனதற்குக் காரணம், சொல்லப்பட்டதை அவர்கள் விளங்கிக்கொண்டார்கள் என்பதே.

தமிழ்ச் சபை இதை மறக்கவே கூடாது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தமிழைக் கற்று, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். 1715இல் அது முழுமையாக அச்சிட்டு முடிக்கப்பட்டது. நம்முடைய முன்னோரின் கையில் கொடுக்கப்பட்டது வசன அட்டை அல்ல, முழுப் புத்தகம். அதைத் துண்டு துண்டாக்கி வாசிக்கும் பழக்கத்தை நாமே உண்டாக்கிக்கொண்டோம்.

ஆகையால் உடன் ஊழியர்களுக்கு என் தாழ்மையான வேண்டுகோள்: வருஷத்தில் ஒரு புத்தகத்தையாவது முதல் அதிகாரம்தொடங்கிக் கடைசிவரை வரிசையாகப் பிரசங்கியுங்கள். பிலிப்பியர் நிருபத்தில் நான்கே அதிகாரங்கள், 104 வசனங்கள். கிறிஸ்துவின் பெலத்தினால் எல்லாவற்றையும் செய்யலாம் என்னும் வசனத்தை எல்லாரும் அறிவார்கள். அது கட்டுகளில் இருந்தவர் எழுதியது என்பதையும், பசியிலும் நிறைவிலும் மனரம்மியமாயிருக்கக் கற்றதைக் குறித்தே அவர் பேசுகிறார் என்பதையும் வரிசையாகக் கேட்கிற சபையே அறிந்துகொள்ளும்.

குடும்பத் தலைவர்களே, தாய்மார்களே, வாக்குத்தத்த அட்டையைக் கழற்றி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த வசனம் இருக்கும் அதிகாரம் முழுவதையும் குடும்ப ஜெபத்தில் வாசியுங்கள். இதை யார், யாருக்கு, எந்த நிலையில் சொன்னார்? இதில் தேவன் தம்மைக் குறித்து எதை வெளிப்படுத்துகிறார்? இன்று நான் எதற்குக் கீழ்ப்படிய வேண்டும்? இந்தக் கேள்விகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து கேளுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதேயுங்கள். கீழ்ப்படியாமல் ஒருவரும் தேர்ச்சியடைவதில்லை.

நீங்கள் கேட்கிற பிரசங்கத்தையும் வேதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பவுலின் போதனையையே தினந்தோறும் வேதவாக்கியங்களில் ஆராய்ந்து பார்த்த பெரோயா பட்டணத்தாரை அப்போஸ்தலர் நடபடிகள் நற்குணசாலிகள் என்கிறது. கேள்வி கேட்கும் விசுவாசியைக் கண்டு எந்தப் போதகரும் கலங்கத் தேவையில்லை.

சோர்ந்திருக்கிற சகோதரனே, சகோதரியே, இந்த வாரம் எரேமியா 28, 29 ஆகிய இரண்டு அதிகாரங்களையும் ஒரே அமர்வில் வாசியுங்கள். உங்கள் சுவரிலுள்ள வசனம் சிறியதாகிவிடாது; 70 வருஷமானாலும் தம்முடைய ஜனத்தை மறவாத தேவன் அதற்குள் உங்களுக்குக் காணப்படுவார். அந்தக் கர்த்தர்தாமே தமது வார்த்தையில் நம்மை வேரூன்றப்பண்ணி, கிறிஸ்துவின் நிறைவான வளர்ச்சிக்கு நடத்துவாராக. ஆமென்.